ஹாஜியாருக்குக் குடை

வானொலியில் புத்தளத்தின் வெப்பநிலையைச் சொல்லும்போது அது யாருடைய வெப்பநிலை என்று நான் வெகுகாலம் கேட்டதில்லை. நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டி ஒன்றுக்குள், ஒரு மனிதனின் நெஞ்சளவு உயரத்தில் அளந்தது அது என்று பின்னால்தான் தெரிந்தது. நிழலில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவனுக்குப் பொருந்தும் கணக்கு. என்னைப் போன்றவர்களுக்காகவே அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எறும்புக்கும் தவளைக்கும் வெங்காயத்துக்கும் அது பொருந்தாது. மணலோடு ஒட்டிக் கிடக்கிற உயிருக்கு வேறு கோடை, வேறு குளிர். ஒரே வளவில் கிணற்றடியில் ஒரு காலநிலை, வேலியோரத்தில் இன்னொன்று.

இதை நுண்காலநிலை என்கிறார்கள். இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. வானத்தைச் சுற்றும் செய்மதி மேலிருந்து எட்டிப் பார்த்தால் இலைக்குக் கீழே நடப்பது தெரியாது. யாராவது குனிந்து மண்ணில் ஒரு கருவியை நட வேண்டும். காடு, மலை, வயல், கரை என்று உலகம் முழுக்க நட வேண்டும். அதற்காகப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு குழுமம் அமைத்திருந்தார்கள். யாரும் சேரலாம், பட்டம் கேட்கமாட்டோம், குனிய முடிந்தால் போதும் என்பது அவர்களுடைய கொள்கை.

நான் கற்பிட்டியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். கொழும்பிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். நிறைய வாசித்தவன் என்று ஊரில் ஒரு பெயர். வாசித்ததில் ஒன்றையும் செய்து பார்க்காதவன் என்று வீட்டில் ஒரு பெயர். குழுமத்தின் இணையத்தளத்தில் ஒரு உலகப்படம் இருந்தது. கருவி நட்ட இடமெல்லாம் புள்ளி. எங்கள் தீவின் மலைப்பக்கம் சில புள்ளிகள் இருந்தன. புத்தளத்துக் கரையில் ஒன்றுமில்லை. ஊர்ப்பற்று என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், எங்காவது ஒரு வெற்றிடத்தைக் கண்டால் அதில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. எழுதிப் போட்டேன். பதில் வந்தது. பிறகு, சுங்கத்தில் நீண்ட ஓய்வெடுத்துவிட்டுப் பொதியும் வந்தது.

கருவிகளைப் பார்த்தால் காளான் மாதிரி. மண்ணுக்குள் போகும் தட்டையான ஒரு கால், மேலே வட்டமாக வெள்ளைத் தொப்பி. மண்ணுக்குள்ளே, மண்மட்டத்தில், ஒரு சாண் உயரத்தில் என்று மூன்று இடத்துச் சூட்டை அளந்து தனக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒருமுறை மடிக்கணினியைக் கொண்டுபோய்ப் பதிந்ததை இறக்க வேண்டும். மற்றபடி பேசாது, நகராது. என் மதினி அதை முதல்முறை பார்த்ததும், "தொப்பியப் போட்டுக்கிட்டு ஹாஜியார் மாதிரி ஈக்கிறாரே" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உச்சமுனைத் தீவில் கண்டல் மரங்களுக்கு நடுவே நட்ட கருவியைப் பார்த்துக்கொள்ளும் மீனவர்கூட, ஹாஜியாருக்குக் கழுத்துமட்டும் தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் தொலைபேசியில் அறிவிப்பார்.

மதினி என் மூத்த சகோதரரான நானாவின் மனைவி. நானா கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். ஊருக்கு வெளியே, கடற்காற்று எட்டுகிற தூரத்தில், மணல் நிலத்தில் மதினி சின்ன வெங்காயம் போடுகிறார். கிணறு, மோட்டார், தண்ணீர் தூவும் குழாய் எல்லாம் அவருடைய நிர்வாகம். என்னைவிடச் சில வயது மூத்தவர். எனக்குத் தலை பாதி நரைத்த பிறகும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் குடும்பத்தில் அவருக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. அதற்குக் காரணம் ஓர் ஆடு. என் உம்மா மக்காவுக்கு உம்ரா போனபோது தன்னுடைய பால் ஆட்டை மதினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அது ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு வெங்காயப் பாத்திக்குள் புகுந்து, கண்மண் தெரியாமல் தின்று, உம்மா திரும்பி வருவதற்குள் செத்துப்போய்விட்டது. உம்மா ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். அதற்குப் பதிலாக, மதினியின் கையில் யாராவது எதையாவது கொடுக்கப் போகும்போதெல்லாம், "அங்க வாணாம், இங்க வச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்வார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அந்த ஆட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல கட்டுரை. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை சிரித்தார்கள். மதினியின் பெயரை நான் எழுதவில்லைதான். ஆனால் ஊரில் வெங்காயம் போடுகிற, மாமியார் உம்ரா போன பெண் எத்தனை பேர் இருப்பார்கள்?

இனிக் கருவிக்கு வருகிறேன். ஒன்றை என் வீட்டிலேயே நட்டுவிட்டு மற்றவற்றை ஊராரிடம் கொடுத்தேன். நட்டால் போதாது, ஒரு வருடம் அப்படியே இருக்க வேண்டும். நாய் கிளறும், காகம் கொத்தும், என்ன இது என்று பெரியவர்கள் பிடுங்கிப் பார்ப்பார்கள். குழுமம் அனுப்பிய வழிகாட்டியில், தொட வேண்டாம், நகர்த்த வேண்டாம், அந்த இடத்தின் வெயிலையும் நிழலையும் மாற்ற வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதையெல்லாம் வீடு வீடாக விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரே சொல்லில் முடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கருவியை இரண்டு கையாலும் நீட்டி, குரலைத் தாழ்த்தி, "இது அமானிதம்" என்றேன்.

நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதற்கு ஒன்று ஆனால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு பொருள் தொலையாமல் இருக்க இதைவிட நல்ல பூட்டு கிடையாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு கருவிகூடக் காணாமல் போகவில்லை என்று குழுமத்துக்கு எழுதினேன். மற்ற நாட்டுக்காரர்கள் எப்படி என்று கேட்டார்கள். உள்ளூர்ப் பண்பாட்டைப் புரிந்து செயற்பட வேண்டும் என்று பதில் போட்டேன்.

மதினியிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவர் உடனே வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கிட்டயா தாறீங்க?"

"ஒங்கட நிலந்தான் எனக்கு வேணும் மதினி."

"ஒங்கட உம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். வாங்கிக்கொண்டார். வருடம் முடிய இதை ஒரு கீறலில்லாமல் திருப்பித் தந்தால் உங்கள் உம்மாவின் அந்தக் கதை நிற்கும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு அது சிரிப்பில்லை என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்த வருடம் என் வாழ்வின் பொற்காலம். இறக்கிய தரவுகளை வரைபடமாக்கிப் பார்த்தபோது மற்ற இடங்களிலெல்லாம் நண்பகலில் கோடு பனைமரம் மாதிரி நெட்டுக்கு நின்றது. மதினியின் பாத்தியில் மட்டும் மெல்ல ஏறி, உச்சிக்கு முன்பே அமைதியாகி, மாலையில் அலுங்காமல் இறங்கியது. மாத இணையக் கூட்டத்தில் அதைக் காட்டினேன். குழுமத்தை நடத்தும் பேராசிரியை ஒரு குளிர்நாட்டுக்காரர், அளந்து பேசுகிறவர். அவர் திரையை நெருங்கி வந்து பார்த்தார். சுற்றிலும் கொதிக்கும்போது ஓர் இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது சிற்றுயிர்களுக்குப் புகலிடம், அப்படிப்பட்ட இடங்களைத்தான் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் முழுநீள உரை. ஈரமணல், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, வெங்காயத் தாள் தரும் நிழல், தலைமுறை தலைமுறையாக எங்கள் விவசாயிகள் பாத்தி கட்டும் நுட்பம் என்று அடுக்கினேன். இதில் கடைசியை அந்த இடத்திலேயே கற்பனை செய்தேன். மழைக்காலத்தில் சில நாட்கள் மண்ணுக்குள்ளும் மேலும் ஒரே சூடாக, கோடு தட்டையாகக் கிடந்தது. அதை வெள்ளநீரின் போர்வை என்று வர்ணித்தேன். நான் காட்டிய படத்தில் கருவிக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டிருந்ததை ஒருவர் கவனித்து, அது என்ன என்று கேட்டார். எனக்கும் தெரியாது. பறவைகளை விரட்டும் பாரம்பரிய முறை என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

என்னைப் பிராந்திய இணைப்பாளர் ஆக்கினார்கள். இணையத்தளத்தில் என் படம் வந்தது. நிழலில் எடுத்த படம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பகல் வெயிலைப் பற்றி உலகத்துக்கு உரையாற்றிக்கொண்டிருந்த அந்த வருடம் முழுவதும் நான் ஒருநாள்கூட நண்பகலில் அந்தத் தோட்டத்துக்குப் போகவில்லை. எப்போதும் அஸர் தொழுதுவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு, முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போவேன். நானா இல்லாத வீடு, சொல்லாமல் போகக் கூடாது. போனால் தேத்தண்ணி வரும், பனங்கட்டி வரும், ஹாஜியார் சுத்தமாகக் கழுவித் துடைத்து நிற்பார். மதினி எவ்வளவு அக்கறையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருவேன்.

கச்சான் காற்று பலமாக வீசும் மாதத்தில் பேராசிரியை நேரில் வந்தார். அவருடைய கணவருக்கு ஆலங்குடாக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்கும் ஆசை. மனைவிக்கு வெங்காயப் பாத்தியைப் பார்க்கும் ஆசை. பின்னேரம் போகலாம் என்று நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்களை அகல விரித்து, நண்பகல் குளிர்ச்சியை நண்பகலில்தானே பார்க்க வேண்டும் என்றார். மதினியின் தொலைபேசிக்கு எடுத்தேன். மோட்டார்ச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. சொல்லாமலே போய் இறங்கினோம்.

மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பாத்திகளின் நடுவே, அந்தப் பாரம்பரியக் கம்பில், பூப்போட்ட பெரிய குடை ஒன்று கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதன் கீழே ஹாஜியார், நனைத்த சாக்குத் துண்டைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டு நின்றார்.

பேராசிரியை கைப்பேசியை வெளியே எடுத்தார். ஒரு புகைப்படம் எடுத்தார். பிறகு, இந்தக் குடை எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். மோட்டாரை நிறுத்திவிட்டு மதினி வந்துகொண்டிருந்தார். வெளிநாட்டு விருந்தாளியைக் கண்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. நான் கேட்டேன்.

"நீங்க தந்த நாளில ஈந்துதான். வெயில் ஏற வைப்பன், அஸரோட எடுப்பன். காத்தும் படணுந்தானே. நல்லாக் காய்ஞ்சா சாக்கையும் நனைச்சுப் போடுவன். மழைக்குள்ள உள்ளுக்கு எடுத்து அலுமாரியில வச்சன். வேற மனிசர்ட சாமான், அமானிதம் இல்லையா?"

வெள்ளநீரின் போர்வை எங்கள் நானாவின் தேக்கு அலுமாரி என்று அப்போதுதான் விளங்கியது.

பேராசிரியையின் பக்கம் திரும்பினேன். ஒரு வருடத்து உரைகள், இணையத்தளத்துப் படம், இணைப்பாளர் பதவி எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. நீங்கள் வருகிறீர்கள் என்பதால் மரியாதைக்காக இன்றைக்கு மட்டும் குடை வைத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சரளமாகவே சொன்னேன்; இருபது வருடமாகப் படிப்பிக்கிற மொழி.

"நோ மேடம்," என்றார் மதினி. "நொட் டுடே. எவ்ரி டே. ஒன் இயர்."

கலியாணத்துக்கு முன்பு குவைத்தில் ஒரு வீட்டில் சில வருடம் வேலை செய்தவர் அவர். கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணோடு ஆங்கிலத்தில்தான் கதைத்திருக்கிறார். அந்த உழைப்பில் வெட்டியதுதான் இந்தக் கிணறே. எனக்கு இது தெரியாததல்ல. மதினிக்கு ஒரு மொழி தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

பேராசிரியை என்னைப் பார்க்காமல், எளிய ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி மதினியோடு கதைத்தார். கருவிக்குச் சூடு படலாம், படத்தான் வேண்டும், அதற்காகவே செய்தது. குடையை வைத்தால் அது குடைக்குக் கீழே உள்ள சூட்டைத்தான் அளக்கும். கோபமாகச் சொல்லவில்லை. மதினி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஓரிடத்தில் ஆட்டுவது நின்றது. போய்க் கயிற்றை அவிழ்த்துக் குடையை மடக்கி, சாக்கை எடுத்து உதறி, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அப்ப நான் பழுதாக்கிட்டனா தம்பி?"

இல்லை, அப்படி ஒன்றுமில்லை என்றேன்.

"இங்கிலீசிலயும் பொய், தமிழிலயும் பொய். எந்தப் பாஷையில நீங்க உண்மை செல்லுவீங்க?"

அதற்குப் பிறகும் எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். பேராசிரியைக்கு மின்விசிறிக்கு நேரே கதிரை போட்டார். நான் குடித்தேன். வழக்கம்போல நன்றாகத்தான் இருந்தது; அதுவும் ஒரு தண்டனை.

திரும்பும் வழியில் பேராசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். வழிகாட்டியில் இருந்ததை அவருக்கு எப்படி விளக்கினீர்கள்? அமானிதம் என்ற சொல்லை விளக்கினேன். அது அழகான சொல் என்றார். ஆலங்குடா வரும் வரை இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

சில நாளில் மதினியிடமிருந்து அழைப்பு. இந்தச் சாமானின் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். பேராசிரியையா? இல்லை, குழுமத்துக்குச் சொந்தம் என்றேன். குழுமம் என்றால் யார்? உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப ஒலகத்துக்கிட்டத்தான் மாப்புக் கேக்கணும். அமானிதம் பழுதாப் போனா ஒடயவங்ககிட்ட நேர கேக்கணும். நீங்க எனக்காகக் கேக்க வாணாம்."

தேவையில்லை, நான் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். என் மனதில் அதன் முதல் வரிகூடத் தயாராக இருந்தது. நகைச்சுவையான வரி. குடை பிடித்த ஹாஜியாரைப் பற்றி எழுதினால் உலகமே சிரிக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக் கட்டுரைக்குப் பிறகும் எனக்கு அப்படி நினைக்கத் தோன்றியது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். பெருநாளைக்குப் போடும் அபாயா. மடிக்கணினியின் முன்னே என் பக்கத்தில் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூலையில் உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, ஒன்றையும் கேட்காத பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமானால் அறைக்குள் போய்ப் பேசலாம் என்று மதினியின் காதில் சொன்னேன். வேண்டாம் என்றார். உம்மாவுக்கும் கேட்கட்டும் என்றுதான் வந்திருக்கிறார்.

திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக முகங்கள் நிறைந்தன. ஒருவருக்கு விடிகிறது, ஒருவருக்கு இரவு. முதலில் நான் பேச வேண்டியிருந்தது. அந்த உரைகளில் நான் சொன்ன விளக்கமெல்லாம் என் கற்பனை, வழிகாட்டியை நான் யாருக்கும் விளக்கவில்லை, அந்தத் தரவை நீக்கிவிடுங்கள் என்றேன். ஒரு பகிடியும் விடவில்லை. அப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அந்தக் கம்பைப் பற்றிக் கேட்டவர் தன் குறிப்பேட்டில் எதையோ தேடி எடுத்துக் கோடிட்டு வெட்டுவதைப் பார்த்தேன்.

பிறகு மதினி பேசினார். தன்னிடம் நம்பித் தந்ததை வெயிலில் விட மனம் வரவில்லை என்று குவைத் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கடைசியில் கொஞ்சம் தேடி, "ஐ டேக் கேர் டூ மச்," என்றார்.

இணையம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

மலைநாடு ஒன்றில் கருவி வைத்திருக்கும் கிழவர் ஒருவர் ஒலிவாங்கியைத் திறந்தார். பனி விழும் காலையில் தானும் போய்த் தொப்பியின் மேலே உள்ள பனியைத் தட்டிவிடுவதாகச் சொன்னார். தட்டக் கூடாது என்று தெரியும், ஆனால் பார்க்கப் பாவமாக இருக்கிறது. பிறகு மழைக்காட்டிலிருந்து ஒரு பெண்: எறும்பு கூடு கட்டியிருந்தது, கலைத்துவிட்டேன். ஒருவர் செம்மறிகளுக்குப் பயந்து வேலி போட்டிருக்கிறார், வேலியின் நிழல் அதன்மேல் விழுகிறது. இன்னொருவரின் தாயார் அதைச் சுற்றிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், சிலர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. பேராசிரியை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். இத்தனை காலமும் உங்களிடம் தரவைத்தான் கேட்டோம், கருவியோடு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பிழை எங்களுடையதும்தான் என்றார். இனி ஒவ்வொரு தரவோடும் அதையும் சேர்த்துக் கேட்போம் என்றார். மதினியின் வருடத்தை நீக்க வேண்டியதில்லை, குடையின் கீழ் அளந்தது என்று எழுதி வைத்தால் அதற்கும் ஒரு பயன் இருக்கும் என்றார். மதினிக்கு நன்றி சொன்னார். அவர் பழுதாக்கவில்லை என்று சொன்னார். நான் பொய்யாகச் சொன்ன வார்த்தை அவர் வாயில் உண்மையாக வந்தது.

கடைசியாக என்னிடம், உங்கள் வீட்டுக் கருவி எப்படி, ஏதாவது தலையீடு உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் கரையிலேயே மிகச் சுத்தமான தரவு அதுதான் என்று பாராட்டினார்.

அது குசினிக்குப் பின்னால் நிற்கிறது. தரவு இறக்குகிற நாள் தவிர அதன் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை. அந்தச் சதுரங்களில் இருந்த அத்தனை பேரிலும், வைத்த பொருளைத் திரும்பிப் பார்க்காமல் விட்டதற்காகப் பாராட்டு வாங்கியவன் நான் ஒருவன்தான். அப்போதும் நன்றி என்றேன்.

மடிக்கணினியை மூடியபோது மூலையிலிருந்து உம்மா கேட்டார்.

"என்னவாம்?"

"ஒண்ணும் பழுதாகல்லையாம் மாமி," என்றார் மதினி.

"ஆட்டுக்கும் ஒரு குடையப் புடிச்சிருக்கலாம்."

மதினி தலையைக் குனிந்துகொண்டார். இனியும் பேசாமலிருந்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது.

"உம்மா, இதில பிழ விட்டது நான். மதினி இல்ல."

"தெரியாமலா ஈக்கிறன்? ஆடு செத்தத நான் வீட்டுக்குள்ளதான் சென்னன். பேப்பர்ல போட்டது ஆரு?"

மணியை மறுபடி உருட்டத் தொடங்கினார். கொஞ்சம் கழித்து மதினியிடம், மகரிபுக்கு நேரமாகிறது, தொழுதுவிட்டுச் சாப்பிட்டுப் போ என்றார். அதுவரைக்கும் உம்மா அவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லியிருப்பார், நான் கவனித்திருக்க மாட்டேன்.

மதினி இன்னொரு வருடம் கருவியை வைத்திருக்கிறேன் என்றார். இம்முறை வெயிலில். அவர் சொன்ன நேரத்துக்கே போனேன், நடுப்பகல். குடைக் கம்பைப் பிடுங்கி, அந்தக் குழியையும் மூடியிருந்தார். வழிகாட்டியை வரிவரியாகத் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நின்றபடியே வாசித்தேன். சூடு தலைக்குள் இறங்கியது. எறும்பு வந்தால் என்ன செய்வது, நாய் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

பிறகு, வருடம் முடிந்து திருப்பி வாங்கியிருந்த கருவியைப் பையிலிருந்து எடுத்தேன். பழக்கதோஷத்தில் குரல் தாழப் போனது.

"அந்தச் சொல்ல மட்டும் செல்லாதீங்க தம்பி," என்றார் மதினி. "சும்மா தாங்க."

சும்மா கொடுக்கும்போது என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.